தீய்ந்த பருப்பும் ஆடிக் காற்றும்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வளவில் வீடுகள் எல்லாம் நீளவாக்கில் கிடக்கும். வாசலில் தார்சா, அதைத் தாண்டினால் பட்டாசல் என்கிற கூடம், பிறகு ஓர் இருட்டறை, அடுக்களை, கடைசியில் புறவாசலும் கிணறும். இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளுக்குப் பொது என்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. காற்று முன்வாசலில் நுழைந்து புறவாசலில் வெளியேற வேண்டும். நடுவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் போதும், காலையில் தாளித்த கடுகு வாசம் சாயங்காலம்வரை பட்டாசலில் நிற்கும். தாளித்த வாசம் நின்றால் யாருக்கும் குறையில்லை. தீய்ந்த வாடை நின்றுவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் மூச்சு விடுவதே பாடு.

அப்போது எங்களுக்கு விறகடுப்பு. மண்ணெண்ணெய் ஸ்டவ் காப்பிக்கும் அவசரத்துக்கும் மட்டும். விறகடுப்பில் தீயைக் குறைக்கத் திருகு கிடையாது. விறகை வெளியே இழுக்க வேண்டும், தணலைத் தள்ள வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினாலும் அடிப்பிடித்துவிடும். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் வாடை சுள்ளென்று ஏறும், ஆனால் அடுப்பைத் துடைத்து மெழுகிவிட்டால் அடங்கிவிடும். மிளகாய் வற்றல் கருகினால் வளவு முழுக்க இருமும், காற்று வந்ததும் போய்விடும். பருப்பு தீய்ந்தால்தான் ஆச்சியின் முகம் மாறும். நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். தலைமயிர் பொசுங்கினால் வருகிற நெடியும் புரதம் கருகுகிற நெடிதான். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை பருப்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றிய பிறகு கிடுகிடுவென்று ஏறி, பிசுபிசுப்பான புகையாக வீட்டுக்குள் பரவும். இந்தக் கணக்கெல்லாம் நான் பின்னால் படித்தது. ஆச்சி சுருக்கமாகச் சொல்லுவாள்: “பருப்பு வாடை துணியில குடியேறிரும்.”

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, ஓர் ஆடி மாதக் காலையில், வளவின் கோடி வீட்டுத் தாத்தா இறந்துபோனார். துஷ்டி என்று தகவல் வந்ததும் பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிணம் எடுக்கும்வரை அக்கம்பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது என்பது வழக்கம். மற்ற வீடுகளில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணமாகி அந்த வளவுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அந்தத் தாத்தா இன்னொரு தகப்பனார். அழுதுகொண்டே ஓடியவளுக்கு, அடுப்பில் அலுமினியச் சட்டியில் பருப்பு வேகிறது என்பது எப்படி நினைவில் நிற்கும்? அன்றும் சரி, பின்னாலும் சரி, யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் இன்றுவரை பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வந்து உட்காருகிறவர்களுக்குப் பாய் வேண்டும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். தார்சாவில் கால் வைத்ததுமே தொண்டை கமறியது. பட்டாசலில் புகை இடுப்பளவுக்கு இறங்கி நின்றது. நான் போட்ட சத்தத்தில் ஆச்சி புறவாசல் வழியாக ஓடி வந்தாள். துஷ்டி வீட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்காமல் உள்ளே நுழைய மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. ஆச்சி கிணற்றில் ஒரு வாளி இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஈரச் சேலையின் முந்தானையை மூக்கில் பொத்தியபடி அடுக்களைக்குள் போனாள். முதலில் ஒரு பித்தளைத் தட்டை எடுத்துச் சட்டியை மூடினாள். புகை அதிலிருந்து வருவது நின்றது. அதன் பிறகுதான் பிடிதுணியால் சட்டியைத் தூக்கினாள். திறந்தபடியே தூக்கியிருந்தால் அடுக்களையில் இருந்து கிணற்றடிவரைக்கும் புகையை இழுத்துக்கொண்டு போயிருக்கும். பின்னாலேயே வந்த சித்தி சட்டியில் தண்ணீர் ஊற்றப் போனாள். “ஊத்தாத ளா, ஆவி எந்திரிச்சு இன்னும் நாறும். மூடியிருக்கட்டும், தானா ஆறட்டும்” என்று ஆச்சி தடுத்துவிட்டு, அடுப்பிலிருந்த கட்டைகளை இழுத்து அணைத்தாள்.

“ஏல, முன்வாசலையும் பொறவாசலையும் அகலத் தெற. நடுவுல ஒரு கதவும் சாத்தக் கூடாது.”

எங்களுடையது மேற்கு பார்த்த வாசல். ஆனியும் ஆடியும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கி வரும் காலம். குற்றாலத்தில் சாரல் விழும்போது டவுனில் மழை இருக்காது, காற்று மட்டும் மண்ணை வாரி இறைக்கும். மற்ற நாட்களில் அந்தப் புழுதிக்குப் பயந்து கதவைச் சாத்தி வைப்போம். அன்று அதே காற்று தார்சாவில் ஏறி, பட்டாசலைத் துழாவி, அடுக்களைப் புகையை அள்ளிக்கொண்டு கிணற்றடிப் பக்கமாக வெளியே போனது. கண்ணுக்குத் தெரிந்த புகை கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிட்டது. வாடை தீரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தாத்தாவைக் கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்திருந்த அவர் வீட்டு உறவுகளில் பாதிப் பேர் ராத்திரி எங்கள் பட்டாசலில்தான் படுக்க வேண்டும். துஷ்டி வீட்டில் இடம் போதாது, வளவில் எங்களுடையதுதான் பெரிய பட்டாசல். சித்தப்பா தணலும் கையுமாக வந்து, “எம்மா, சாம்பிராணி போட்டுரட்டுமா? வாடை தெரியாது” என்று கேட்டார்.

“வேண்டாம்யா. காலையிலேருந்து அங்க ஊதுவத்தியும் சாம்பிராணியுமாத்தான் எரியுது. அழுது ஓய்ஞ்சு படுக்க வாரவங்களுக்கு இங்கயும் அதே வாடையா?”

சித்தப்பா தணலைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். சாம்பிராணி இருக்கிற வாடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அதன்மேல் ஏறி உட்காருகிறது. அது அடங்கியதும் பழைய வாடை திரும்பவும் தலைதூக்கும். அந்த உண்மை ஒருபக்கம் இருக்கட்டும். துக்கத்தில் வருகிறவர்களின் மூக்கை நினைத்து ஒரு மனுஷி முடிவெடுத்தாளே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிறகு நடந்தது முழுக்க வேலை. இருட்டறைக் கொடியில் தொங்கிய சேலை வேட்டி எல்லாம் இறங்கின. தலையணை உறை, ஜமுக்காளம், வாசல் திரை, அடுக்களைப் பிடிதுணி எதையும் ஆச்சி விடவில்லை. துவைக்க முடிந்ததைக் கிணற்றடிக் கல்லில் துவைத்தார்கள், தலையணைகளை மொட்டைமாடியில் வெயிலிலும் காற்றிலும் போட்டார்கள். நான் பனைமட்டைக் கம்பில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடித்தேன். நூலாம்படையில் புகை அப்படித் தங்கும். அடித்துக் கீழே விழுந்ததை முகர்ந்து பார்த்தால் அதுவே ஒரு தீய்ந்த சட்டி. அடுக்களைச் சுவரிலும் நிலையிலும் கதவிலும் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் கரைத்த வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தார்கள். சாம்பலில் இருக்கிற காரம் பிசுக்கை எடுக்கும், பிசுக்கு போனால் அதில் ஒட்டிக்கொண்டிருந்த வாடையும் போகும். பட்டாசல் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, இரண்டு பழைய வேட்டிகளை ஈரத்தோடு பிழிந்து காற்று வரும் வழியில் கட்டினாள் ஆச்சி. சாயங்காலம் அவற்றை அலசியபோது தண்ணீரில் தீய்ந்த வாடை அடித்தது. காற்றே எட்டாத இருட்டறை மூலையில் ஒரு சட்டி நிறையச் சிரட்டைக் கரியை நொறுக்கி வைத்தாள். கரியின் நுண்துளைகள் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாலு மணிக்கு எங்கள் யாருக்கும் வாடை தெரியவில்லை. ஆச்சி அதை நம்பவில்லை. ஒரே வாடையில் இருந்துகொண்டிருந்தால் மூக்கு சீக்கிரமே பழகி, சொல்வதை நிறுத்திவிடும். பால் கொண்டுவந்தவரைத் தார்சாவோடு அனுப்பாமல் பட்டாசல்வரை கூப்பிட்டு, “தம்பி, உள்ள வந்து சொல்லு, ஏதும் வாடை அடிக்கா?” என்று கேட்டாள். அவர் நின்று இழுத்துப் பார்த்துவிட்டு, “அடுக்களப் பக்கம் லேசா இருக்கு ஆச்சி” என்றார். அடுக்களையில் தேடியதில், அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மாவு சலிக்கும் துணி அகப்பட்டது. அதையும் துவைத்துப் போட்டார்கள்.

ராத்திரி உறவுக்காரர்கள் வந்து படுத்தார்கள். காலையில் யாரும் வாடை பற்றி ஒன்றும் பேசவில்லை.

சட்டி மட்டும் மறுநாள்தான் தீர்ந்தது. அலுமினியத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் காரம் அரித்துவிடும் என்பதால் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். அடியில் பிடித்திருந்த கரி பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்தது.

இன்று குக்கரில் தண்ணீர் விட மறந்தாலும், அடுப்பை வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் அதே வாடைதான் வரும். அடுக்குமாடி வீட்டில் அது போவதற்கு இன்னும் கஷ்டப்படும், ஏனென்றால் எதிரெதிர் ஜன்னல் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. உடனே கை போவது ரூம் ஸ்ப்ரேயிடம்; அது பழைய வாடையோடு இன்னொன்றைச் சேர்த்துவைக்கும். குக்கர் என்றால் அடுப்பை அணைத்து, ஆவி முழுதும் அடங்கிய பிறகு தொடுங்கள். சட்டி என்றால் மூடி வெளியே கொண்டுபோய் வையுங்கள். வாசற்கதவையும் பால்கனிக் கதவையும் சேர்த்துத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். அன்றைக்கே திரைச்சீலையையும் சோபா உறையையும் கழற்றித் துவைத்து, அடுப்புக்கு மேலுள்ள அலமாரிக் கதவுகளைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். முடித்த பிறகு, வெளியிலிருந்து வருகிற ஒருவரை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள்.