கண்ணுடையதா, கருவியுடையதா?

சுவா சூ காங் பலதுறை மருந்தகம் டெக் வாய் கிரசெண்ட்டில் இருக்கிறது. நீரிழிவு நோயாளிகளுக்கு விழித்திரைப் படம் எடுக்கும் அறையில் விளக்கை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். இருட்டில் கண்பாவை தானாக விரியும். விரிந்த பாவை வழியாகத்தான் கேமராவின் ஒளி உள்ளே போய்த் திரும்பி வர முடியும். படம் எடுப்பவர் ஒரு மலாய்ப் பெண். எனக்கு முன்னால் இருந்த சீனப் பாட்டியிடம் மாண்டரினில் பேசியவர், என் முறை வந்ததும், “அங்கிள், டோன்ட் பிளிங்க் ஆ!” என்றார். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். பளீரென்று ஓர் ஒளி.

அடுத்த படத்தை அவர் உடனே எடுக்கவில்லை. அந்த ஒளியில் பாவை சுருங்கிவிடும் என்பதால் அது மறுபடி விரியக் காத்திருந்தார். நீரிழிவு நாள்பட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் பாவை எளிதில் விரிவதில்லை. அவசரப்பட்டால் படத்தின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வெளிறல் விழும். இமைமயிர் குறுக்கிட்டால் மங்கலான கீற்றுகள் தெரியும். ஒரு கண்ணுக்கு இரண்டு படங்கள். ஒன்றில் பார்வை நரம்பு புறப்படும் வட்டம் நடுவில் இருக்க வேண்டும், மற்றதில் கூர்பார்வை தரும் மக்குலா.

படம் எடுக்கப்பட்ட பிறகு அது என் கையை விட்டுப் போய்விடுகிறது. 2010இல் தொடங்கிய தேசிய நீரிழிவு விழித்திரைப் பரிசோதனைத் திட்டத்தின்படி, பலதுறை மருந்தகங்களில் எடுக்கும் படங்கள் கணினி வழியே அவற்றைப் படிக்கும் மையத்துக்குச் செல்கின்றன. அங்கே ‘கிரேடர்’கள் அவற்றைப் படிக்கிறார்கள். மருத்துவர்கள் அல்லர், இந்தப் பணிக்கென்றே பயிற்சி பெற்றவர்கள். நுண்குழாய் வீங்கிய சிவப்புப் புள்ளி, கசிந்த ரத்தம், மஞ்சள் படிவு, பஞ்சுத் துணுக்கு போன்ற வெண்திட்டு ஆகியவற்றைத் தேடுவதே அவர்கள் வேலை. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால், படத்தின் பச்சைப் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பதுண்டு. அப்போது மிகச் சிறிய கசிவும் கறுப்பாகத் துலங்கும்.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. ஒருவர் படத்தில் ஓரிடத்தில் ஒரு கரும்புள்ளி. அடுத்தவர் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. மூன்றாமவர் படத்திலும் அப்படியே. அது யாருடைய நோயும் அல்ல, கேமராவின் கண்ணாடியில் ஒட்டிய தூசு. ஒரே ஒரு படத்தைப் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. நாளெல்லாம் பார்ப்பவருக்குத்தான் பிடிபடும்.

கண் படிமத் துறையில் ஆய்வு விஞ்ஞானியாக வேலை செய்யும் ஒருவர் எங்களுக்கு அடுத்த புளோக்கில் குடியிருக்கிறார். சென்னையில் பார்வையளவியல் படித்து, பிறகு இங்கே முனைவர் பட்டம் வாங்கியவர். தூசுக் கதையைச் சொன்னதும் சிரித்தார். “அண்ணா, என் சம்பளமே அதுக்குத்தான். படத்துல தெரியுறது கண்ணுடையதா, கருவியுடையதா? இந்த ஒரு கேள்விக்குத்தான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பதில் தேடறேன்.”

ஒரு வேலைநாளில் அவருடனேயே கிளம்பினேன். சுவா சூ காங்கில் எம்ஆர்டி ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, ஊட்ரம் பார்க்கில் இறங்கினோம். 1990இல் செயல்படத் தொடங்கிய சிங்கப்பூர் தேசியக் கண் நிலையமும், 1997இல் அமைந்த சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அவருடைய ஆய்வுக்கூடமும் அங்கேதான். சோதனைக்குழாய்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவோம். சன்னல் இல்லாத அறை, இரண்டு மூன்று கருவிகள், வரிசையாகக் கணினித் திரைகள், மூலையில் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து.

அங்கே முதன்மையான கருவி ஓசிடி (ஆப்டிகல் கொஹிரன்ஸ் டோமோகிராஃபி). 1991இல் அமெரிக்காவில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் இதை உலகுக்கு அறிவித்தனர். கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை மேலே வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்பது போன்ற உத்திதான். ஆனால் ஒளியின் எதிரொலியைக் கடிகாரத்தால் அளக்க முடியாது, அத்தனை வேகம். ஆகவே கண்ணிலிருந்து திரும்பும் ஒளியை, கண்ணாடியில் பட்டுத் திரும்பிய இன்னொரு கற்றையுடன் மோதவிட்டு, இரண்டும் சேரும் கோலத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் அடுக்குகளை ஐந்தாறு மைக்ரான் நுணுக்கத்தில், கத்தி படாமல், குறுக்கே வெட்டிய மாதிரி இக்கருவி காட்டுகிறது.

அன்று அவர் செய்துகொண்டிருந்த வேலை பார்ப்பதற்குச் சலிப்பானது. ஆய்வுக்கு ஒப்புதல் கையெழுத்திட்ட ஒருவரின் அதே கண்ணை, சில நிமிட இடைவெளியில் மறுபடி மறுபடி படமெடுத்தார். ஒவ்வொரு முறையும் அவரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, மறுபடி உட்கார வைத்தார். விழித்திரையின் நரம்பிழை அடுக்கின் தடிமன் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு எண்ணாக வந்தது. ஐந்து நிமிடத்தில் கண் மாறவில்லை, மாறியது அளவீடுதான். இந்த ஆட்டம் எவ்வளவு என்று தெரியாமல், ‘ஓராண்டில் நரம்பு இத்தனை மைக்ரான் மெலிந்துவிட்டது’ என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. நோயால் வரும் மாற்றம் கருவியின் ஆட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

ரத்தநாளங்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோவில் சிக்கல் இன்னும் கூடுதல். 1961 முதல் கையில் சாயம் ஏற்றித்தான் விழித்திரை நாளங்களைப் படமெடுத்தார்கள். சிலருக்குக் குமட்டல் வரும். ஓசிடி ஆஞ்சியோவில் சாயம் கிடையாது. ஒரே இடத்தை அடுத்தடுத்து வருடி, எது மாறியதோ அதுவே ஓடும் ரத்தம் என்று கணினி முடிவுகட்டுகிறது. கண் லேசாக அசைந்தாலும் கணினிக்கு அதுவும் ‘மாற்றம்’தான், படம் நெடுக வெள்ளைக்கோடு விழும். மேலடுக்கின் நாளங்கள் கீழடுக்கிலும் நாளம் இருப்பதுபோல ஒரு பொய்த்தோற்றத்தை உண்டாக்கும். இல்லாத ரத்தநாளத்தை எண்ணிக் கட்டுரை எழுதிவிடக் கூடாதே என்று, அவருடைய வாரங்களில் பெரும்பகுதி இவற்றைக் களைவதில் போகிறது.

பிறகு ஓர் இளைஞரின் ஓசிடி அறிக்கையைப் பெயர், அடையாள எண் நீக்கிய நிலையில் காட்டினார். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழை அடுக்கைக் காட்டும் வட்டத்தில் சிவப்பு. கண் அழுத்த நோயின் அறிகுறி என்று யாரும் பதறுவார்கள். ஆனால் அவருக்கு நோய் இல்லை. கடும் கிட்டப்பார்வை மட்டுமே. வழக்கமாகக் கண் 24 மில்லிமீட்டர் அளவு நீளமிருக்கும். கிட்டப்பார்வையில் அது நீண்டுவிடும். நீண்ட கண்ணில் நரம்பிழைக் கட்டுகள் இடம் பெயர்ந்திருக்கும், அளவீடும் பிசகும். தன்னிடமுள்ள ‘ஆரோக்கியமானவர்கள்’ தொகுப்புடன் ஒப்பிட்டு, கடைசி ஒரு விழுக்காட்டுக்குள் விழுந்தால் கருவி சிவப்புக் காட்டும். பரவலாகப் புழங்கும் ஒரு கருவியின் தொகுப்பில் இருந்தவர்கள் 284 பேர்; இந்திய வம்சாவளியினர் அதில் மிகச் சிலரே. இந்த ஊரிலோ இளையர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. நோயில்லாமலே வரும் இந்தச் சிவப்புக்குக் கண் மருத்துவர்கள் ‘சிவப்பு நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் அறிக்கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் இங்குள்ள ஆய்வாளர்கள் தங்கள் மக்களின் கண்களைத் தாங்களே அளந்து சேர்த்தார்கள். தீவின் தென்மேற்குப் பகுதியில் வசித்த 40 வயதைத் தாண்டிய மலாய்க்காரர்களை 2004 முதலும், இந்தியர்களை 2007 முதலும், சீனர்களை 2009 முதலும் அழைத்துப் பரிசோதித்தனர். மொத்தம் 10,000க்கும் மேற்பட்டோர். இந்தியர் மட்டும் 3,400 பேர். நம் ஆட்களின் விழித்திரை நிறம், பார்வை நரம்பின் அளவு ஆகியவை பற்றிய இன்றைய அறிவில் அவர்கள் கொடுத்த நேரத்துக்குப் பங்கிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பின் இந்த வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டேன். கூடிவிட்டது என்றார். 2016இல் கூகள் குழு வெளியிட்ட ஆய்வில் நிரலைப் பயிற்றுவிக்க 1,28,175 படங்கள் பயன்பட்டன. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அவற்றுள் அடக்கம். ஒரு படத்தை மூன்று முதல் ஏழு மருத்துவர்கள் வரை பார்த்தனர். ஒருவர் தீர்ப்பு போதவில்லை. மறு ஆண்டு சிங்கப்பூர்க் குழுவின் ஆய்வு வந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் படங்கள். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நீரிழிவு விழித்திரைப் பாதிப்பில் 90.5 விழுக்காட்டை அவர்களுடைய நிரல் கண்டுபிடித்தது. ஆனால் 2020இல் வெளியான செலவுக் கணக்கில் முழுத் தானியங்கி முறை முதலிடம் பிடிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு மனிதர் மட்டும் படித்தால் 77 அமெரிக்க டாலர், நிரல் மட்டும் என்றால் 66, நிரல் வடிகட்டியதை மனிதர் மறுபடி பார்த்தால் 62.

தாய்லாந்தில் நடந்ததையும் சொன்னார். அங்கே கூகளின் நிரலை மருந்தகங்களில் வைத்தபோது, முதல் ஆறு மாதத்தில் செலுத்திய 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தரம் போதாதென்று அது தள்ளிவிட்டது. பல இடங்களில் அறை போதிய இருட்டாக இல்லை. நிரலில் பிழையில்லை, சன்னலில் திரையில்லை.

தள்ளிவிடுவதும் ஒரு தீர்ப்புதான். ‘மதிப்பிட இயலாத படம்’ என்றால் அந்த நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே பாதுகாப்பான நடைமுறை. கண்புரை முற்றியதால்கூடப் படம் மங்கியிருக்கலாம். ஆனால் எவ்வளவு மங்கினால் ‘இயலாது’? அந்த எல்லைக்கோட்டை இறுக்கினால் நல்ல கண்ணோடு பலர் மருத்துவமனை வரிசையில் வீணாக நிற்பார்கள். வேலைக்கு விடுப்பெடுத்து வருகிறவர்கள் அடுத்த முறை வராமலே போகலாம். தளர்த்தினால் மங்கலுக்குப் பின்னே ஒரு கசிவு தப்பிவிடும். அவர் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது. “இதைக் கணக்கு மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுண்ணா. எந்தத் தப்பை நாம தாங்கிக்குவோம்னு கிரேடரும் டாக்டரும் படம் எடுக்கறவங்களும் உட்கார்ந்து பேசணும்” என்றார். அடுத்த வாரம் அந்தக் கூட்டம். படம் எடுப்பவர்களை அதற்கு அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான்.