கேட்கப் பழகிய செவிகள்

டெல்லியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்த என்னை, உளவியல் படித்தவள் என்பதற்காக மாணவர் ஆலோசகராகவும் நியமித்தார்கள். அன்புள்ளம் இருந்தால் போதும் என்றே நானும் எண்ணினேன்.

தகப்பனாரின் பணி மாற்றத்தால் மதுரையிலிருந்து வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தி, ஒருநாள் என்னிடம் வந்தாள். இந்தி புரியவில்லை, இரவில் உறக்கமில்லை என்று அழுதாள். நானோ அரைமணி நேரம் அறிவுரை கூறினேன். அதோடு நில்லாமல், அவள் சொன்னதை ஆசிரியர் அறையிலும் பகிர்ந்தேன். மறுநாள் ஓர் ஆசிரியை அதை வகுப்பில் எல்லார் முன்பாகவும் கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளை அதன்பின் என்னிடம் வரவேயில்லை. ஆண்டு முடிவில் ஊர் திரும்பிவிட்டாள்.

அந்தப் பாரமே என்னைப் பயிற்சிக்குத் தூண்டியது. ஸ்ரீ அரவிந்தர் மார்க்கிலுள்ள என்.சி.இ.ஆர்.டி. நடத்திய ஆலோசகர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். 6 மாதம் தொலைநிலைப் பாடம், 3 மாதம் நேரடிப் பயிற்சி, 3 மாதம் களப்பயிற்சி என ஓராண்டு கற்றேன்.

எதைக் கற்றேன்? அறிவுரைக்கு முன் செவிகொடுக்க வேண்டும். பிள்ளை மௌனமாயிருந்தால் அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். சொன்னதை இரகசியமாகக் காக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். இந்த வரம்பையும் முதல்நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். நம்மால் இயலாதபோது மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்கலாகாது.

ஒருமுறை கற்றதோடு இது முடிவதில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றும், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது.

ஆகவே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை மட்டும் விசாரியாதிருங்கள். "இங்கே ஆலோசகர் உண்டா? அவர் கடைசியாகப் பயிற்சி பெற்றது எப்போது?" என்றும் கேளுங்கள். பிள்ளை ஆலோசகரிடம் பேசிவிட்டு வந்தால், என்ன பேசினாய் என்று துருவாதிருங்கள். அவசர வேளையில், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

அந்த மதுரைப் பிள்ளைக்கு நான் செய்யத் தவறியதை, உங்கள் பிள்ளைக்கு ஒருவர் செவ்வனே செய்யட்டும்.