விருந்தாளிக்குப் பட்டா கிடையாது!

மதுரையிலிருந்து பரமக்குடிக்கு பஸ்ஸில் போகிறீர்களா? ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள். மானாமதுரை தாண்டினால் இரண்டு பக்கமும் ஒரே காட்சிதான். கண்மாயில், கரையில், தரிசில், சுடுகாட்டில்... எங்கும் சீமைக்கருவேலம்!

மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம் இது. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. வேலிக்கும் விறகுக்கும் ஆகட்டுமென்று நாமேதான் விதை தூவி வளர்த்தோம். திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளி, கூடத்துக்கு வந்து, இப்போது பட்டா கேட்கிறார்.

பரமக்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவே என் நண்பனின் கிராமம். வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட் கொல்லை. அதில் இந்த மரத்தை எடுத்துவிட்டு நாட்டு மரம் வைக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

"ஜே.சி.பி. வெச்சா ஒரு நாள் வேலைதானேடா?"

"வெட்டுறது சுலபம் மாப்ளே. மேலாக்க வெட்டினா அடிக்கட்டையிலேர்ந்து பத்தாத் துளிர்க்கும். மண்ணுக்குள்ள இருக்கிற கட்டையையே தோண்டணும்" என்றவன், ஆட்டுப் புழுக்கை ஒன்றைக் காட்டினான். "நிஜ வில்லன் இதுக்குள்ள!"

காய் இனிப்பு. ஆடு தின்னும், விதை செரிக்காது. புழுக்கையோடு விழுந்து, எரு சகிதம் முளைக்கும். டெபாசிட்டை எடுத்தாலும் வட்டி மண்ணில் கிடக்கிறது என்று என் பி.காம். மூளை கணக்குப் போட்டது.

ஓர் எச்சரிக்கை. நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை. காய் பாசிமணி கோத்ததுபோல் இருக்கும். சீமையின் பூ, திரி மாதிரி நீளம்.

மரத்தைவிடப் பெரிய எதிர்ப்பு வீட்டுக்குள் இருந்தது. நண்பனின் அம்மா!

"இதை மூட்டம் போட்டு, கரி வித்த காசுலதான் தம்பி இவன் காலேஜ் போனான். மழை பொய்ச்ச வருஷமெல்லாம் சோறு போட்டது இந்த மரம். இப்ப ஆகாததாப் போச்சாம்!"

நண்பன் பதில் பேசவில்லை. நானும்தான். என்ன பேசுவது, உண்மையாயிற்றே!

கடைசியில் ஓர் ஒப்பந்தம். கொல்லை நாலு பங்கு. வருஷத்துக்கு ஒரு பங்குதான் தோண்டுவது. வரும் விறகும் கரியும் அம்மா கணக்கு. காலியான இடத்தில் உடனே நட்டுவிட வேண்டும். உப்பு மண்ணைத் தாங்கும் புங்கனும் பூவரசும் உள்ளே. வேலிக்கு நொச்சி, ஆடாதோடை. ஆடு தொடாது என்பது பெயரிலேயே இருக்கிறது.

2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெங்கும் ஜே.சி.பி. உறுமியது. 2022-ல் தமிழக அரசு, அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆனால், வெட்டியதோடு கை கழுவிய இடங்களில் மரம் மறுபடி தலை நீட்டியது. காலி நாற்காலி கிடைத்தால் பழைய ஆளே வந்து உட்காருவார்... ஆபீஸில் பார்க்கிறோமே!

மூன்றாவது பங்கு தோண்டியாகிவிட்டது. முதலில் வைத்த புங்கன் நிழலில் அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தார். "நிழல் நல்லாத்தான் இருக்கு. அடுப்புக்கு ஆகுமா தம்பி?" என்றார். "கிளை கழிச்சா ஆகும்மா" என்றேன். "பார்ப்போம்" என்றார். பாதி ஜெயித்த மாதிரிதான்.

ஊரில் கொல்லை வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களே, தீபாவளி லீவு ஐப்பசியில் வருகிறது. நடுவதற்கும் அதுவே மாதம். ஒரே ஒரு மரத்தை வேரோடு தோண்டி, அந்தக் குழியிலேயே ஒரு பூவரசம் போத்தை ஊன்றுங்கள். கடப்பாரையை எடுக்குமுன், அந்த மரத்தால் சாப்பிட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.