சத்தம் போடாத வேலை

ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையில் மெயின்டனன்ஸ் பார்த்த காலத்தில், சத்தம் நின்றால்தான் பதறுவோம். பிரஸ் ஷாப் அமைதியாகிவிட்டால் லைன் நின்றுபோச்சு என்று அர்த்தம். சிங்கப்பூர் வந்து விக்டோரியா கச்சேரி மண்டபத்தில் மேடைப் பணியில் சேர்ந்த பிறகு எல்லாம் தலைகீழ். இங்கே கையிலிருந்து ஒரு ஸ்க்ரூ நழுவினாலும் 673 இருக்கைகளுக்கும் கேட்கும்.

விக்டோரியா மகாராணியின் நினைவாக 1905-ல் திறந்த மண்டபம் இது. ஒட்டியிருக்கும் நாடக அரங்கு அதற்கும் மூத்தது. 1862-ல் நகர மண்டபமாகக் கட்டியது. நடுவில் மணிக்கூண்டு. மக்கள் செயல் கட்சி 1954 நவம்பர் 21 அன்று பிறந்தது இந்த மண்டபத்தில். ஜுபிர் சயித் இசையமைத்த ‘மஜுலா சிங்கப்பூரா’ 1958-ல் முதன்முதலாக ஒலித்தது பக்கத்து அரங்கில். மறு வருஷம் அது தேசிய கீதமானது. 2010-ல் மூடிப் புதுப்பித்து 2014-ல் திறந்தபோது, ஒலி நன்றாக அமைய வேண்டும் என்று இருக்கைகளையே குறைத்துவிட்டார்கள். டார்கெட்டைக் கூட்டுவதையே பார்த்துப் பழகிய எனக்கு இது அதிசயமாக இருந்தது.

எங்கள் வேலைக்குக் கிடைக்கும் அவகாசம் கைதட்டல்தான். முதல் உருப்படி முடிந்ததும் வயலின்காரர்களின் நாற்காலிகளை ஒதுக்கி, பெரிய பியானோவைத் தள்ளிவந்து, தரையில் ஒட்டிய டேப் குறியில் சக்கரத்தை நிறுத்தி, மூடியைத் தூக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். உடம்பெல்லாம் கறுப்பு உடை, ரப்பர் அடிச் செருப்பு. காதில் ‘ஸ்டாண்ட்பை’ என்ற குரல் வந்தால் மூச்சுகூட மெதுவாகத்தான். கடற்கரை ஊர் என்பதால் ஈரப்பதம் இன்னொரு தலைவலி. குளிர்சாதனம் சற்றுத் தடுமாறினாலும் மரக் கருவிகளின் சுருதி விலகும். என்னோடு நிற்கும் சீன அங்கிள் அளவுகருவியைப் பார்ப்பதற்கு முன்பே, தோலில் காற்றை உணர்ந்து சொல்லிவிடுவார். ஆலையில் பேரிங் தேய்வதைக் காதால் கண்டுபிடிக்கும் எங்கள் ஃபோர்மேனும் அதே ஜாதிதான்.

குன்றத்தூரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: “பெரிய பெரிய கச்சேரியெல்லாம் கேக்கறியாடா?”

“இல்லம்மா, நாற்காலி போடறேன்.”

“நாற்காலி போடவா கடல் தாண்டிப் போனே? நம்ம ஊரு கல்யாண மண்டபத்துலயே போட்டிருக்கலாமே!”

எனக்கும் வீம்பு. நம் ஊர்க்காரர் சேக்கிழாரை இழுத்தேன். பெரிய புராணம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்வார்கள்; ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரை வரை. “அத்தனை நாளும் ஒருத்தன் மண்டபத்தைப் பெருக்கி, பாய் விரிச்சு, விளக்கேத்தியிருப்பானில்ல? நான் அவன் வம்சம்னு வெச்சுக்கோ.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

“வருஷம் முழுக்கவா? பாவம், அவனுக்கு லீவு விட்டாங்களோ என்னவோ. உனக்கு விடறாங்களா?”