கால் வோல்ட்

சிங்கப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய என் அத்தா, காரைக்குடி கழனிவாசலில் வீடு கட்டி முடித்த கையோடு, 2001ஆம் ஆண்டில் ஒரு சிறிய கார் வாங்கினார்கள். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவதும் அந்த வண்டியில்தான். சாவி எப்போதும் அத்தாவின் சட்டைப்பையில்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு அந்த வண்டிக்கு ஒரு கோளாறு கண்டது. செக்காலைச் சாலை நெரிசலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் ஏறி இறங்கி இரைந்து நின்றுவிடும். மறுபடி மிதித்தால் சற்றுத் தயங்கி, பின்பு திடீரெனப் பாயும். ஒரு நாள் மாலை அவ்வாறு பாய்ந்த வண்டி, முன்னால் நின்ற ஒருவரின் சைக்கிளைத் தட்டிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

"அத்தா, உங்களுக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. காலில் பழைய நிதானம் இல்லை. இனி நீங்கள் ஓட்ட வேண்டாம்" என்று சொல்லிச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

"என் காலில் ஒன்றுமில்லை தம்பி. நான் சொல்வது வண்டியின் காதில் சரியாக விழவில்லை" என்றார்கள். முதியவர்கள் சொல்லும் சமாதானம் என்றே அதை எண்ணினேன். அதன்பின் இரண்டு மாதங்கள் அத்தா வண்டியின் பக்கமே போகவில்லை. திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இளையான்குடியில் ஓர் உறவினர் திருமணத்திற்கு நானே வண்டியை ஓட்டிச் சென்றேன். காளையார்கோயில் கடைவீதியில் மூன்று முறை எஞ்சின் நின்றது. மிதித்தது நாற்பத்தைந்து வயதுக் கால்! பின்னால் அமர்ந்திருந்த அத்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் பிளக்கை மாற்றினோம். பெட்ரோல் பம்பை மாற்றினோம். பணம் போனதே தவிரக் கோளாறு போகவில்லை. இறுதியில், தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்துறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமு வந்தார்கள். "மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தீர்களா மருமகனே?" என்பதே அவர்களுடைய முதல் கேள்வி.

கார்ப்புரேட்டர் காலத்தில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் துளைகளும் திருகுகளுமே தீர்மானித்தன. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் யூரோ ஒன்றுக்கு நிகரான புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் வந்தபோது, சிறு கார்களிலும் எம்.பி.எஃப்.ஐ. முறை பரவியது. இதில் பெட்ரோலின் அளவை முடிவு செய்வது ஒரு சிறு கணினி. நம் கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை அதற்கு எடுத்துச் சொல்லும் தூதன்தான் த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

எஞ்சினுக்குக் காற்று புகும் வழியில் ஒரு வட்டத் தகடு கதவுபோல் நிற்கிறது. அதன் அச்சின் நுனியில் இந்தச் சென்சார் இருக்கிறது. வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் குமிழுக்குள் உள்ளதுபோலவே, இதனுள்ளும் ஒரு மின்தடைப் பாதையும் அதன்மேல் நகரும் முள்ளும் உண்டு. கணினி ஐந்து வோல்ட் அனுப்புகிறது. கதவு மூடியிருந்தால் ஏறக்குறைய அரை வோல்ட்டும், முழுதும் திறந்தால் நாலரை வோல்ட்டை ஒட்டியும் திரும்பி வரும்.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலையில் வைத்து, மாமு மல்டிமீட்டரால் அளந்தார்கள். கதவு மூடியிருந்தும் 0.76 வோல்ட் காட்டியது. எங்கள் வண்டிக்குரிய அளவோ 0.5. ஓட்டுபவர் காலை எடுத்த பின்பும், 'இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்' என்றே கணினி எண்ணியிருக்கிறது! அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: கோளாறு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு பட்டறையில் அந்தப் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தார்கள்.

சென்சாரைப் பிடித்திருந்த இரு திருகுகளையும் மாமு இலேசாகத் தளர்த்தி, அதை மயிரிழை அளவு திருப்பினார்கள். மீட்டர் 0.51 காட்டியதும் இறுக்கினார்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடும் என்பதால் மறுபடியும் அளந்தார்கள். பின்பு ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கச் சொன்னார்கள். எண்கள் தடங்கலின்றி ஏறின. இடையில் துள்ளினால் உட்பாதை தேய்ந்துவிட்டது, புதிது மாற்றத்தான் வேண்டும் என்று விளக்கினார்கள். எல்லா வண்டியிலும் இதைத் திருப்ப இயலாது. திருப்ப இயலும் வண்டிகளிலும் கையேட்டில் உள்ள அளவைப் பாராமல் கை வைக்கக் கூடாது. கதவை நிறுத்தும் திருகை ஒருபோதும் தொடக் கூடாது என்றும் எச்சரித்தார்கள்.

செலவு ஒன்றுமில்லை. பிழை கால் வோல்ட். அதை நான் அத்தாவின் கால் மீது சுமத்தியிருந்தேன்.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தா" என்றேன். அவர்கள் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை பேரனைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவர்கள், "இப்போது காது கேட்கிறது தம்பி" என்றார்கள். அவ்வளவுதான்.

அன்பு வாசகர்களே! வயது முதிரும்போது கை கால் தளர்வது உண்மைதான். ஒரு நாள் அத்தாவே சாவியைத் தர நேரலாம். ஆனால் வீட்டில் எது பழுதானாலும் முதியவரையே முதலில் சந்தேகிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் சொல்வதை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பளிப்போம்.