சொந்தமா, வாடகையா?

உபாத்தியாயர் உத்தியோகத்தில், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. சர்க்காருக்கும் கணக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். 2010-ஆம் வருஷம் ஜனத்தொகைக் கணக்கின் முதற்படியாக வீடுகளைக் கணக்கெடுத்தபோது, மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு கடற்கரைக் குப்பம் என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கொண்டுபோன குடிசைகளுக்கு ஈடாகக் கட்டப்பட்ட வீடுகள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்க வேண்டுமென்பது சர்க்கார் விதி.

படிவத்தில் 35 இனங்கள். சுவர் எதனால் ஆனது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கெல்லாம் ஜனங்கள் உற்சாகமாகவே பதில் சொன்னார்கள். ‘வீடு சொந்தமா, வாடகையா?’ என்றதும் ஓர் அம்மாள் தயங்கினாள்.

“சொந்தந்தாங்க, ஐயா!”

“ஏம்மா, வாடகைதானே?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தப் பையன் என் வகுப்பில் படிக்கிறவன். பொய் சொல்லக்கூடாதென்று அவனுக்குப் போதித்த குற்றவாளி அடியேன்தான்!

அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டைப் பெற்றவர்கள் பிழைப்புத் தேடி வேறு ஊர் போய்விட்டார்கள். இவள் மாத வாடகைக்குக் குடியிருக்கிறாள். ரசீது கிடையாது, எழுத்து கிடையாது. விஷயம் வெளிப்பட்டால் தெருவில் நிற்க வேண்டுமே என்ற பயம்.

1948-ஆம் வருஷத்து ஜனத்தொகைச் சட்டப்படி அவள் சொல்லும் விவரத்தை வேறொருவரும் பார்வையிட முடியாது, வீட்டு வழக்கில் அது சாட்சியமாகாது என்று எடுத்துச் சொன்னேன்.

“உண்மையைச் சொன்னா எனக்கு என்னங்க பிரயோஜனம்?”

“எல்லாரும் சொந்தமென்று சொன்னால், இந்தக் கரையில் வீடில்லாதவர் எவருமில்லை என்று கணக்கு முடிந்துவிடும், அம்மா. பிறகு உங்களுக்கு யார் வீடு கட்டுவார்கள்?”

சற்று யோசித்தாள். “அப்படீன்னா வாடகைன்னே போட்டுக்குங்க” என்றாள். ‘2’ என்று எழுதினேன்.

ஆனால் அந்த ‘2’ முழுக் கதையையும் சொல்லாது. ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் வீட்டைப் பெற்றவர் பெயர் இருக்கும். குடியிருப்பவர் பெயர் இராது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய ஸ்தாபனம் பெரும்பாக்கத்தில் எழுப்பிய அடுக்குமாடிகளிலும் இதே கேள்விதான். இங்கிலாந்தில், ஏழைகளுக்கான வீடு ஒன்று வாடகைக்கு விடப்பட்டாலும் விற்கப்பட்டாலும் அந்த விவரத்தைத் திரட்டும் ஏற்பாடு 1989 முதல் இருக்கிறது. வெள்ளைக்காரரிடம் நாம் கற்க வேண்டியது இனி அதிகமில்லை. இதைக் கற்றால் நஷ்டமில்லை. ஆனால் கணக்கெடுப்பது ஏழையை வெளியேற்றுவதற்காக அல்ல என்ற நம்பிக்கை முதலில் பிறக்க வேண்டும்.

மறுநாள் பையன் கேட்டான்: “ஸார், நான் சொன்னது தப்பா?”

“தப்பில்லை, அப்பா” என்றேன். நான் அவன் தாயாருக்குக் கொடுத்த வாக்கைத் தேசம் காப்பாற்றும் வரையில் தப்பில்லை என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.