கால்வாய்க் கரையில் ஒரு மாலை

சென்ற மாதம் திருவான்மியூரில் வாழும் என் ராத்தாவைக் காணச் சென்றிருந்தேன். பறக்கும் இரயில் நிலையத்தை ஒட்டியே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. 1877-78 பெரும் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதி இதற்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஒரு காலத்தில் படகுகள் சரக்கேற்றிச் சென்ற நீர்வழி. இன்று நீரைக் காணவில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை!

அழைத்துப் போக வந்திருந்த ராத்தாவின் மகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, ஊர்க்குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். அங்கும் இதே செடிதான். களைக்கொல்லி தெளித்தால் சில நாட்களில் கருகிவிடும் என்கிறார்கள்."

அக்குத்தகைப் பணத்தில் ராத்தாவின் இரண்டு வளையல்கள் அடக்கம் என்பதை நான் அறிவேன்.

செடி கருகும், மெய்தான். கருகியது எங்கே போகும்? குளத்தின் அடியில் அமிழ்ந்து அழுகும். அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மருந்துக்கு ஆகாயத்தாமரை வேறு, பாசி வேறு என்ற பேதமும் தெரியாது. பாசி குறைந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் குறையும். அவற்றை நம்பிய மீன்குஞ்சுகள் பட்டினி கிடக்கும். முட்டையிட்டு ஒளிந்துகொள்ள நீர்ச்செடிகளும் இரா.

2005இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிக் ரெலியா, சிறு குளங்கள் போல் அமைத்த தொட்டிகளில் கிளைபோசேட் கலவையைத் தெளித்தார். மூன்று வாரங்களில் தலைப்பிரட்டைகள் அநேகமாக முழுவதும் மாண்டன. மூல மருந்தைவிட, அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சோப்புப் போன்ற பொருளே இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. புட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படிப்பவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர் வழியாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டுமென நம் மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டதையும் அவனிடம் கூறினேன்.

"அப்படியானால் என்னதான் செய்வது?" என்றான் சற்றே எரிச்சலுடன்.

1980களில் தென்னமெரிக்க வண்டுகளைப் பெங்களூர் ஏரிகளில் விட்டு இச்செடியைக் குறைத்தார்கள். ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். குத்தகைக்காரனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பூப்பதற்கு முன் ஆட்களை இறக்கி வாரிக் கரையேற்றுவதே வழி. பூத்து விதை விழுந்துவிட்டால் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மருந்தடித்தாலும் மீண்டும் முளைக்கும்.

வீட்டில் தேநீர் கொண்டுவந்த ராத்தா, பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்றவர், "வாருவதற்கு எத்தனை ஆள் வேண்டும், தம்பி?" என்றார்.

மருமகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.